அமராவதி மணலில் ரோமாபுரிச் சில்லறை

அரியலூர்க்காரங்களுக்குத் தரையில பழசு கிடைக்கிறது புதுசு இல்ல. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல அம்மோனைட் கிடைக்கும். கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் ராஜராஜன் பேர் போட்ட செப்புக்காசு, ஒரு பக்கம் நிக்கிற உருவம், மறுபக்கம் உக்காந்த உருவம். இன்னைக்குப் பேசுற காசு கரூர்ல, அமராவதி ஆத்து மணல்ல கிடைச்சது. அந்தத் தண்ணியும் காவிரியில கலந்து, முக்கொம்புல பிரிஞ்சு, கொள்ளிடமா நம்ம திருமானூர் வழியாத்தான் போகுது. ஆக, தூரத்துச் சொந்தம்.

ரோமானியக் காசுன்னாலே தங்கம்தான் ஞாபகம் வரும். 1898ல புதுக்கோட்டைச் சீமையில 501 தங்கக் காசு ஒரே புதையலா கிடைச்சது. பெரும்பாலானதுல பேரரசர் முகத்துக்குக் குறுக்க வெட்டு. அதுக்குத் தனி எபிசோடே போடணும். நம்ம விஷயம் சில்லறை. செம்புல அடிச்ச, சட்டை பட்டன் அளவு காசு. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரை, திருக்கோவிலூர்ல கிடைச்சதைப் பத்தி 1994ல தனிப் புத்தகமே எழுதினார்.

முன்பக்கம் முத்து வச்ச பட்டம் கட்டின பேரரசர், பக்கவாட்டு முகம். பின்பக்கம்தான் சுவாரசியம். ஒரு வகையில, குதிரையோட சரியிற எதிரியை ரோமானிய வீரன் ஈட்டியால குத்துறான். சுத்தி லத்தீன்ல, நல்ல காலம் திரும்பிடுச்சுன்னு வாசகம். 348 வாக்குல அடிக்க ஆரம்பிச்சது. நம்ம ஊர் கட்சிச் சுவர் விளம்பரம் மாதிரியேதான், உள்ளங்கையில அடங்குற சைஸ்ல! அடியில சின்ன எழுத்துகள் எந்த ஊர் அச்சுச்சாலைன்னு சொல்லும். நான் கோடுக்கு பில்ட் நம்பர் போடுற மாதிரி. தேய்ஞ்ச காசுல முதல்ல போறதும் பெரும்பாலும் அந்த வரிதான்.

இந்தத் தலை உருவம் நம்மாளுங்களுக்கும் பிடிச்சிருக்கு. வில், மீன், புலின்னு சின்னம் போட்டுட்டிருந்த நாட்டுல, அதுக்கு ரொம்ப முன்னாடியே, ஒரு சேரன் ரோமானிய வெள்ளிக்காசு பாணியில தன் முகத்தைப் போட்டு, மேல தமிழ்பிராமியில 'மாக்கோதை'ன்னு பொறிச்சுக்கிட்டான். அதுவும் கரூர் ஆத்துல கிடைச்சதுதான்.

சரி, மதிப்பில்லாத செம்பு எதுக்குக் கடல் தாண்டி வரணும்? உருக்குறதுக்குன்னு ஒரு கருத்து உண்டு. எனக்கு அது முழுசா ஒட்டல. நிறைய காசு கை மாறி மாறித் தேய்ஞ்சிருக்கு. இலங்கையில இதே மாதிரி உள்ளூர்லயே போலி அடிச்சிருக்காங்க. உருக்குற பொருளுக்கு யாராவது போலி செய்வாங்களா? இங்கயும் சந்தையில சில்லறையா ஓடியிருக்கும்னுதான் நினைக்கிறேன். காலத்தையும் கவனிங்க: 4, 5ஆம் நூற்றாண்டு. ஸ்கூல்ல 'இருண்ட காலம்'னு ஒரே வரியில தாண்டின அதே களப்பிரர் காலம்.

சிக்கல் என்னன்னா, ஆத்து மணலைச் சலிச்சு எடுத்த காசுக்கு மண்ணடுக்கு கிடையாது. கூட என்ன பானை இருந்தது, எத்தனை அடி ஆழம், எதுவும் தெரியாது. அதனால உங்க வயல்ல பச்சை படிஞ்ச காசு ஏதாவது கிடைச்சா, புளி போட்டுத் தேய்க்காதீங்க, பழைய இரும்புக் கடையில போடாதீங்க. 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபா மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குச் சொல்லணும். கிடைச்ச இடத்தை மட்டும் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.