ஃபியூச்சரா தடித்த சாய்வெழுத்து

ஜெர்மானிய வடிவமைப்பாளர் பால் ரென்னர் உருவாக்கி, பிராங்க்ஃபர்ட்டின் பாவர் அச்சுவார்ப்பகம் 1927இல் வெளியிட்ட ஃபியூச்சரா எழுத்துருக் குடும்பத்தின் தடித்த, சாய்ந்த வடிவம். தலைப்பு, சுவரொட்டி, சின்னம் ஆகியவற்றுக்கே உரியது. பத்தி பத்தியாக இதில் அச்சடித்தால் கண் வலிக்கும்.

கையெழுத்தின் வளைவுகளோடு பிறந்த உண்மையான இத்தாலிக் அல்ல இது. நேரெழுத்து அப்படியே வலப்பக்கம் சாய்க்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலச் சிறிய ‘o’வைப் பார்த்தால் தெரியும்: வட்டமாக இருந்தது, சாய்ந்த முட்டையாகிவிட்டிருக்கும். கனத்த கோடுகள் எழுத்தின் உள்வெளியை நெருக்குவதால், சிறிய அளவில் அச்சு மை அதை அடைத்துவிடக்கூடும். பெரிய அளவிலோ அதே நெருக்கம் அதட்டலாக ஒலிக்கிறது. சாய்வு அதற்கு அவசரத்தையும் சேர்க்கிறது.

அந்த அதட்டலைக் கலையாக்கியவர் அமெரிக்கரான பார்பரா குரூகர். இதழ் வடிவமைப்பிலிருந்து வந்த அவர், கருப்பு-வெள்ளைப் புகைப்படங்களின்மேல் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக இதைப் பதித்தார். பெண்ணின் உடலைப் போர்க்களம் என்று அறிவிக்கும் 1989ஆம் ஆண்டுப் படைப்பு, வாஷிங்டனில் நடந்த பெண்கள் பேரணிக்காக உருவானது. 1994இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் ஆடை நிறுவனத்தின் சிவப்புப் பெட்டிச் சின்னமும் அதே பாணிதான். குரூகரின் கையில் நுகர்வு மோகத்தையும் குத்திக்காட்டிய எழுத்து சட்டை விற்கப் போனது வேடிக்கை.