கடற்கருவிகளும் ஒரு பொதுமொழியும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகிய ஆண்டையே நல்லாண்டென்று எண்ணும் நமக்குக் கடலோடு யாது தொடர்பென்று நேயர்கள் வினவக்கூடும். திருச்சுழியின் பக்கலில் ஓடும் குண்டாறு மன்னார் வளைகுடாவை நோக்கியே செல்கின்றது. அக்கடலில் தொழில் புரிவோர் நம் அண்டையார். அவர்தம் உயிர் காக்கும் கருவிகளின் சரித்திரத்தை நாமும் அறிதல் தகும்.

முற்காலத்துச் சோழமண்டலக்கரை மாலுமிகள் ராப்பலகை என்னும் கருவியைக் கையாண்டனர். அது முடிச்சிட்ட கயிறு கோத்த ஒரு சிறு பலகை. கயிற்றைப் பல்லிற் கடித்துப் பலகையை முன்னே நீட்டி, அதன் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடுமாறு பிடிப்பர். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்திற்கு உரியது. உரிய முடிச்சில் நட்சத்திரம் பொருந்தியதும், துறைமுகத்தின் நேருக்கு வந்தோமெனத் தெளிந்து, கிழக்கிலோ மேற்கிலோ கப்பலைத் திருப்புவர். காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் இக்கரை மாலுமிகளின் உபாயங்களைப் பற்றி 1850இல் சென்னைச் சஞ்சிகையொன்றில் எழுதினார். ஆயினும், முடிச்சின் பொருளை அறிந்தவர் சொன்னாலன்றிப் பிறர் அறிதல் அரிது.

பின்னாளில் ஆழமானி, காற்றுமானி, செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் கூறும் கருவி முதலியன வந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டால், ஒரு கருவி கூறுவது மற்றொன்றிற்கு விளங்குவதெங்ஙனம்? இக்குறை தீர, அமெரிக்க தேசத்துக் கடல்சார் மின்னணுச் சங்கம் 1983இல் 0183 என்னும் பொதுவிதியை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு செய்தியும் 82 எழுத்துகளுக்கு மேற்படாத ஒரு வரி. வரியின் இறுதியில் சரிபார்க்கும் குறி நிற்கும். வழியிற் சிதைந்த வரி அதனாற் கண்டறியப்பெற்றுத் தள்ளப்படும். தமுக்கடிப்போன் ஒருவனாயினும் கேட்போர் பலராதல் போல, ஒரு கருவி பேசப் பல கருவிகள் கேட்கும். மடிக்கணினியும் அங்ஙனம் கேட்பனவற்றுள் ஒன்றாயிற்று. கருவியின் கம்பியைத் தக்க இணைப்பியால் அதனோடு சேர்த்தால், படகு நிற்குமிடம் திரையிலுள்ள கடற்படத்தில் தோன்றும்.

இப்பொதுமொழியால் மட்டும் துயர் முற்றும் நீங்கிவிடவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியபோது, கைப்பேசிக்கு எட்டாத ஆழ்கடலில் இருந்தோரை எச்சரிக்கை அடையவில்லை. மீனவர் பலர் மாண்டனர். அதன் பின்னர், 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவியை மத்திய அரசு அறிமுகம் செய்தது. அது ககன் செயற்கைக்கோள் வழியே வரும் புயற்செய்தியைப் பெற்றுக் கம்பியின்றியே மீனவரின் கைப்பேசிக்கு அளிக்கும். எனினும் கடலிலிருந்து மறுமொழி கூற அதில் வழியில்லை. இருபுறமும் செய்தி செல்லும் கருவிகளைப் படகுகளிற் பொருத்தும் திட்டம் 2024இல் தொடங்கப்பெற்றது.

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அது அறிந்ததை மற்றவர்க்கு விளங்கச் சொன்னாலன்றிப் பயனில்லை. நம் பெரியோரிடத்தும் மழைக்குறி, மண்வளம், கண்மாய்ப் பராமரிப்பு முதலியன பற்றிய அறிவு மிகுதியும் உண்டு. அதுவும் பொருள் தெரியாத கயிற்று முடிச்சாய்ப் போய்விடாமல், நம் இளைஞர் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். மின்னணுக்கல்வி பயிலும் நம் பிள்ளைகள் கடற்கருவித் தொழிலிலும் புகுவாராயின், அண்டையாருக்குச் செய்யும் உபகாரமும் அதுவேயாகும்.