ஒமேகா ஸ்பீட்மாஸ்டர்: நிலாவுக்குப் போன பெரிய வாட்ச்சா, பாதி விலையில் கிடைக்கும் சின்னதா? வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க

"நிலாவுக்குப் போன வாட்ச்" என்று சொன்னால், வாட்ச் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரிந்துவிடும். 1969 ஜூலையில் அப்போலோ 11 பயணத்தில் பஸ் ஆல்ட்ரின் நிலாவில் நடந்தபோது, விண்வெளி உடைக்கு மேலே கட்டியிருந்தது இதைத்தான். நீல் ஆம்ஸ்ட்ராங் தன்னுடையதை லேண்டருக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார். உள்ளே இருந்த எலெக்ட்ரானிக் டைமர் பழுதாகிவிட்டதால் அதற்குப் பதிலாக அங்கே ஒரு வாட்ச் தேவைப்பட்டது.

இந்த வாட்ச்சை வாங்க ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்ட் சந்தையில் தேடினால், இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று 42 மி.மீ. அகலம் கொண்ட 'புரொஃபஷனல்'. இன்னொன்று சுமார் 39 மி.மீ. அகலம் கொண்ட 'ரெட்யூஸ்ட்'. போட்டோவில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் சின்னதன் விலை பெரும்பாலும் பெரியதில் பாதி, சில நேரம் அதற்கும் கீழே. புதிய புரொஃபஷனலின் அமெரிக்க விலையே 7,000 டாலருக்கு மேல், நம்ம காசில் சுமார் 6 லட்சம் ரூபாய். அதனால் சின்னதைப் பார்த்ததும் கை பரபரக்கத்தான் செய்யும். கொஞ்சம் பொறுங்க.

சின்ன வாட்ச் என்பது என்ன?

1988-ல் ஒமேகா இதை அறிமுகப்படுத்தியது. சுமார் 20 ஆண்டுகள் விற்றுவிட்டு நிறுத்திவிட்டது. எனவே ஷோரூமில் புதிதாகக் கிடைக்காது, பழையதுதான். டயலில் 'ரெட்யூஸ்ட்' என்ற வார்த்தையே இருக்காது. 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கும். பெரியதில் அதே இடத்தில் 'புரொஃபஷனல்' என்று இருக்கும். ஃபார்முலா 1 வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பெயரில் 1996-ல் வந்த சிவப்பு, மஞ்சள் டயல் வாட்ச்களும் இந்தச் சின்ன வகைதான்.

இன்னொரு அடையாளம் டயலில் உள்ள மூன்று குட்டி வட்டங்கள். பெரியதில் ஓடிக்கொண்டே இருக்கும் வினாடி முள் இடது பக்கம், 9 மணி இடத்தில் இருக்கும். சின்னதில் அது வலது பக்கம், 3 மணி இடத்தில். வட்டங்களும் டயலின் ஓரத்துக்குத் தள்ளிப் போயிருக்கும். 'மூன்வாட்ச்' என்று தலைப்புப் போட்டு ரெட்யூஸ்ட்டை விற்கப் பார்த்தால், இந்த ஒரு விஷயமே காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளே ஓடுவது வேற மெஷின்

அளவில் 3 மி.மீ. குறைத்தார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தால் தப்பு. இரண்டும் அடிப்படையிலேயே வேறு வேறு வாட்ச்.

பெரியது சாவி கொடுத்து ஓடுவது. தினமும் காலையில் திருகைச் சுற்ற வேண்டும். நேரம் காட்டும் பகுதியும் ஸ்டாப்வாட்ச் பகுதியும் ஒரே மெஷினாகக் கட்டப்பட்டவை. சின்னது கை அசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக். அதில் ஈடிஏ நிறுவனத்தின் மெல்லிய ஆட்டோமேட்டிக் மெஷின் கீழே இருக்கும். அதன் மேல், டயல் பக்கமாக, டுபுவா டெப்ராஸ் என்ற சுவிஸ் நிறுவனத்தின் ஸ்டாப்வாட்ச் தட்டு தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு மாடி வீட்டுக்கு மேல் இன்னொரு மாடி எழுப்பிய மாதிரி.

இதை வெளியிலிருந்தே பார்க்கலாம். வாட்ச்சைப் பக்கவாட்டில் திருப்புங்கள். திருகு கீழ்மாடியிலிருந்து வருகிறது, இரண்டு பட்டன்களும் மேல்மாடியிலிருந்து வருகின்றன. அதனால் மூன்றும் ஒரே கோட்டில் இருக்காது, திருகு கொஞ்சம் கீழே இறங்கி இருக்கும். சிலருக்கு இது கண்ணை உறுத்தும். பலர் வருஷக்கணக்கில் கட்டியும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆட்டோமேட்டிக் வாட்ச் விண்வெளியில் ஓடாது, அதனால்தான் நாசா எடுக்கவில்லை என்று ஒரு கதை சுற்றுகிறது. 1973-ல் ஸ்கைலேப் 4 பயணத்தில் வில்லியம் போக் கட்டிப் போனது சீகோவின் ஆட்டோமேட்டிக் கிரோனோகிராஃப். நன்றாகவே ஓடியது.

பெரியதுதான் 'ஒரிஜினல்' அளவா?

இதுதான் சுவாரசியம். 1957-ல் வந்த முதல் ஸ்பீட்மாஸ்டர் 39 மி.மீ. கூட முழுசாக இல்லை. 1965 மார்ச் 1-ல் நாசா சூடு, குளிர், அதிர்ச்சி, வெற்றிடம் என்று சோதித்துத் தேர்ந்தெடுத்ததும், அதே ஆண்டு ஜூனில் எட் வைட் விண்வெளியில் மிதந்தபோது கட்டியிருந்ததும் சுமார் 40 மி.மீ. வாட்ச்தான். திருகைப் பாதுகாக்க வலது பக்கம் புடைத்த 42 மி.மீ. உடல் 1960-களின் நடுவில்தான் வந்தது. ஆல்ட்ரின் கட்டியது அந்த வகை. (ஆல்ட்ரின் வாட்ச் பின்னாளில் அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் வழியில் காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை!)

ஆகவே 'சின்னது போலி அளவு' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அளவு பிரச்சினையே இல்லை. நிலாவுக்குப் போன மெஷினின் வாரிசு பெரியதில்தான் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

கைக்கு எது உட்காரும்?

பலர் 42, 39 என்ற எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது மேலிருந்து கீழ் நீளம், அதாவது ஸ்ட்ராப் மாட்டும் கொம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. பெரியதில் அது ஏறக்குறைய 48 மி.மீ., சின்னதில் சுமார் 45. ஒரு ஸ்கேலை எடுத்து மணிக்கட்டின் மேல்பக்கத் தட்டையான பகுதியை அளந்து பாருங்கள். 50 மி.மீ.க்கு மேல் இருந்தால் எதுவும் ஓகே. 46, 47 என்றால் பெரியது கொஞ்சம் வெளியே துருத்தும். ஒல்லியான கை உள்ளவர்களுக்கும், முழுக்கைச் சட்டைக்குள் வாட்ச் ஒளிய வேண்டும் என்பவர்களுக்கும் சின்னதுதான் சௌகரியம்.

ஸ்ட்ராப் அகலம் சின்னதில் 18 மி.மீ., பெரியதில் 20. ஒன்றுக்கு வாங்கியது மற்றதுக்குப் பொருந்தாது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

சர்வீஸில். விலை பாதி என்பதற்காக சர்வீஸ் கட்டணமும் பாதியாகாது. சின்னதிலும் கிரோனோகிராஃப் வேலைதான், அதுவும் இரண்டு அடுக்கு. மேல்தட்டில் கோளாறு என்றால் பல மெக்கானிக்குகள் பிரித்துச் சரி செய்யாமல் தட்டையே மாற்றிவிடுவார்கள். பெரியதின் பழைய 1861 மெஷின் அனுபவசாலிகளுக்குப் பழகிப்போனது. 2021 முதல் வரும் 3861 மெஷின் 15,000 காஸ் காந்தத்தையும் தாங்கும், ஆனால் அதைக் கம்பெனி சர்வீஸுக்குக் கொடுப்பதே நல்லது.

எனவே கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, பில் இருக்கா என்று கேளுங்கள். இல்லை என்றால் சர்வீஸ் காசையும் விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள். அப்போது சில 'மலிவு' வாட்ச்கள் மலிவாக இருக்காது.

சரி, எதை வாங்கலாம்?

நிலாக் கதைக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் சின்னதை வாங்காதீர்கள். ஆறே மாதத்தில் மனசு பெரியதைத் தேடும், விற்று மாற்றுவதில் நஷ்டம். காசு சேரும்வரை காத்திருந்து, பழைய 1861 மெஷின் கொண்ட புரொஃபஷனலைப் பார்க்கலாம். கதை முக்கியமில்லை, தினமும் ஆபீஸுக்குக் கட்ட வேண்டும், சாவி கொடுக்கப் பொறுமை இல்லை, கை சின்னது என்றால் ரெட்யூஸ்ட் நல்ல வாட்ச். தண்ணீர் மட்டும் ஆகாது. அதன் தாங்குதிறன் 30 மீட்டர்தான், அது கை கழுவும் அளவுக்கு. நீச்சலுக்கு இல்லை.

பெரிய ஏலமே ஏமாந்த கதை

2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1957-ம் ஆண்டு ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 30 லட்சம் சுவிஸ் ஃப்ராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகா நிறுவனமே! 2023-ல்தான் அது பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று தெரிந்தது. தன் முன்னாள் ஊழியர்களுக்கு இதில் தொடர்பு இருப்பதாக ஒமேகாவே சொன்னது. அவர்களுக்கே இந்த நிலை என்றால், போட்டோவை நம்பிப் பணம் அனுப்புவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

நேரில் போனால் முதலில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, நிறுத்தி, ரீசெட் செய்யுங்கள். நீள முள் சரியாக 12-ல் வந்து நிற்க வேண்டும். அப்புறம் மறுபடி ஸ்டார்ட் செய்துவிட்டு அரை மணி நேரம் பேச்சுக் கொடுங்கள். நடுவில் முள் தயங்கினாலோ, வாட்ச் நின்றாலோ எழுந்து வந்துவிடலாம். டயலின் அடியில் 'சுவிஸ் மேட்' என்பதற்கு இருபுறமும் டி என்ற எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம் பூசிய, ஏறக்குறைய 1997-க்கு முந்தைய டயல். அதில் புள்ளிகள் மஞ்சளாகவும் முட்கள் பளிச் வெள்ளையாகவும் இருந்தால், முட்கள் மாற்றப்பட்டவை. கண்ணாடியில் கீறல் இருந்தால் மட்டும் கவலை வேண்டாம். இந்த வாட்ச்களில் பெரும்பாலும் இருப்பது பிளாஸ்டிக் வகைக் கண்ணாடி, பாலிஷ் போட்டால் போய்விடும்.