தலைக்கணக்கும் வீட்டுக்கணக்கும்

சினிமாவின் வரலாற்றை நாம் பெரும்பாலும் நடிகர்களின் பெயராலும் படங்களின் பெயராலும் நினைவு கொள்கிறோம். கொட்டகை வாயிலில் சீட்டு விற்ற சிறு சன்னலின் வழியாக அவ்வரலாற்றை நோக்கியவர்கள் சிலரே. ஆயினும், இன்று இந்தியா முழுவதிலும் கொட்டகைக்கும் வீட்டிற்கும் இடையே நிகழ்ந்துவரும் போட்டியை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அந்தச் சன்னலண்டை நாம் சற்று நின்று பார்த்தேயாக வேண்டும்.

1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பம்பாய் நகரத்து வாட்சன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் காட்டப்பெற்றன. நம் நாட்டில் நடந்த முதற் படக்காட்சி அதுவே. கட்டணம் தலைக்கு ஒரு ரூபாய். ஒரு ரூபாய் என்பது அந்நாளில் உழைப்பாளியின் பல நாட் கூலி. ஆகவே முதல் நாளில் வந்திருந்தவர்கள் எவ்வகையினர் என்பதை ஊகிப்பது கடினமன்று. காட்சி விரைவிலேயே நாவல்டி நாடக அரங்கிற்கு மாறியது. அங்கே, சில வாரங்களுக்குள், ஒரே கட்டணம் என்ற முறை கைவிடப்பட்டது. குறைந்த கட்டணம் நான்கணா. மிகுந்த கட்டணம் இரண்டு ரூபாய். கோஷாப் பெண்டிருக்கெனத் தனி அறைகளும் ஒதுக்கப்பட்டன. படத்தைப் போலவே இந்தக் கட்டண ஏற்பாடும் நம் சினிமாவுக்கு ஒரு தொடக்கமாக அமைந்தது என்பது நம் கருத்து.

நான்கணாவுக்கும் இரண்டு ரூபாய்க்கும் இடையே எட்டு மடங்கு வேறுபாடு உண்டு. இதனைத் தருமம் என்று எண்ணிவிடலாகாது. இது நல்ல வியாபாரக் கணக்கு. கொட்டகையில் நூறு பேர் இருந்தாலும் எண்ணூறு பேர் இருந்தாலும் கட்டடத்தின் வாடகை ஒன்றே. விளக்கு, இயந்திரம், அதனை ஓட்டுவோனின் சம்பளம், படத்தின் வாடகை யாவும் பெரும்பாலும் ஒன்றே. காலியாகக் கிடக்கும் இருக்கை அன்றிரவோடு வீணாகிறது. மறுநாள் அதை எடுத்து விற்க இயலாது. எனவே திரைக்கு மிக அருகில், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டிய இடத்தைக்கூட, ஏதேனும் ஒரு விலைக்கு ஒருவர்க்கு விற்றுவிடுவதே இலாபம். கல்கத்தா மைதானத்தில் 1902இல் கூடாரம் அடித்துப் படங்காட்டத் தொடங்கிய ஜம்ஷெட்ஜி மதன் 1907இல் எல்பின்ஸ்டன் பிக்சர் பாலஸ் என்னும் நிலையான கொட்டகையை நிறுவினார். அவரைப் போன்றோர் வளர்த்த இத்தொழிலில், செல்வந்தர் மாடியிலும் கூலியாள் முன்வரிசையிலும் அமர்ந்து ஒரே படத்தை ஒரே வேளையில் கண்டனர். கோயிலும் கல்விச்சாலையும் எல்லாருக்கும் ஒருங்கே திறந்திராத காலம் அது என்பதை நாம் மறக்கலாகாது.

இடத்துக்கு ஏற்ற விலை இருந்ததுபோல, காலத்துக்கு ஏற்ற விலையும் இருந்தது. படச்சுருளின் பிரதி ஒவ்வொன்றும் செலவு மிக்கது. ஆதலால் குறைந்த அளவு பிரதிகளே எடுக்கப்பட்டன. அவை முதலில் பம்பாய், டில்லி முதலிய பெருநகரங்களில் ஓடும். பின்னர் மாவட்டத் தலைநகரங்களுக்குப் போகும். தேய்ந்து, கீறல் விழுந்து, மாதங்கள் பல கடந்து கிராமத்துக் கூடாரத்தை அடையும். அவசரக்காரர் அதிக விலை தந்தார். பொறுமைசாலி குறைந்த விலையில் பார்த்தார். விநியோகஸ்தரின் பிழைப்பு முழுவதும் இந்தக் காலதாமதத்தின்மீதே நின்றது.

இதற்கிடையே அரசாங்கமும் சன்னலண்டை வந்து நின்றது. வங்காளம் 1922இல் கேளிக்கை வரியை விதித்தது. மறு ஆண்டு பம்பாயும் விதித்தது. சுதந்திரத்திற்குப் பின்னர் மாகாணங்கள் அதனை உயர்த்திக்கொண்டே போயின. சில மாநிலங்களில் அடிப்படைக் கட்டணத்தைக் காட்டிலும் வரியே மிகுந்திருந்தது. சீட்டு வாங்குவோர் தாம் கொடுத்ததில் பாதிக்கு மேல் படத்துக்குப் போகவில்லை என்பதை அறிந்தனரோ, என்னவோ!

தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் தொடங்கியபோது, கொட்டகைக்காரர் எவரும் அஞ்சியதாகத் தெரியவில்லை. வாரத்தில் சில மணி நேரமே நிகழ்ச்சி. அதுவும் பொது இடங்களில் வைத்த பெட்டிகளின் முன் கூட்டமாக அமர்ந்து பார்த்தார்கள். மேலை நாட்டில் வீட்டுப் பொருளாகப் பரவிய தொலைக்காட்சி, இங்கே ஊர்ப் பொருளாகவே பிறந்தது. உண்மையான மாற்றம் 1982இல் வந்தது. டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்ற அவ்வாண்டில் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியது. வெளிநாட்டு வண்ணப் பெட்டிகளும் வீடியோ இயந்திரங்களும் உள்ளே வந்தன.

இங்குதான் கணக்கு தலைகீழாகிறது. கொட்டகை தலையை எண்ணுகிறது; வீடியோ வீட்டை எண்ணுகிறது. ஒரு நாடாவை ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்தால், அதை இருவர் பார்த்தாலும் இருபதின்மர் பார்த்தாலும் வாடகை ஒன்றே. ஐந்து பேர் கொண்ட குடும்பம் கொட்டகைக்குச் செல்வதானால் ஐந்து சீட்டு, வண்டிக் கூலி, இடைவேளையில் குழந்தைகளின் பிடிவாதம் ஆகிய அனைத்துக்கும் பணம் வேண்டும். வீட்டிலோ ஐந்தாவது ஆளுக்குச் செலவே இல்லை. அந்நாட்களில் தெருவார் பணம் சேர்த்து, பெட்டியையும் இயந்திரத்தையும் ஓரிரவுக்கு வாடகைக்குக் கொணர்ந்து, விடிய விடிய மூன்று படங்கள் பார்த்த கதையை நம்மில் பலர் அறிவோம். பாய் விரித்துத் தரையில் அமர்ந்தோர் ஒருபுறம், கட்டிலில் அமர்ந்தோர் ஒருபுறம், சன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியில் நின்றோர் ஒருபுறம்! கொட்டகையின் நான்கணா இருக்கை சில காலம் அயல்வீட்டுக் கூடத்திற்குக் குடிபெயர்ந்திருந்தது எனலாம். பின்னர் வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது, கதவுகளும் சாத்தப்பட்டன.

வீடியோ காலதாமதத்தையும் ஒழித்தது. படம் வெளியான வாரத்திலேயே திருட்டு நாடா சிற்றூருக்கு வந்துவிடும். 1984இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு வீடியோப் படங்களும் அதன் வரம்புக்குள் வந்தன, தண்டனைகள் கடுமையாயின. ஆயினும் சட்டத்தைவிட வியாபாரத் தந்திரமே கூடுதலாகப் பயன்பட்டது. 1994 ஆகஸ்டில் ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ என்ற இந்திப் படத்தை வெளியிட்ட ராஜஸ்ரீ நிறுவனத்தார், அதன் வீடியோ உரிமையை எவர்க்கும் விற்காமல் நிறுத்தி வைத்தனர். தொடக்கத்தில் மிகச் சில கொட்டகைகளிலேயே படத்தைக் காட்டினர். பம்பாய் லிபர்ட்டி போன்ற அழகிய அரங்கில், நல்ல ஒலிக் கருவிகளோடு, உயர்ந்த கட்டணத்தில் காட்டினர். வீட்டுக்குள் ஒதுங்கியிருந்த குடும்பங்கள் பட்டுப் புடவையோடு திரும்பி வந்தன. அப்படம் லிபர்ட்டியில் நூறு வாரங்களுக்கு மேல் ஓடியது. இவ்வெற்றியிலிருந்து தொழில் கற்ற பாடம் யாது? திரும்பி வருவோர் அதிகம் தரக் கூடியவர் என்பதே. மற்றவர்களைப் பற்றி அது யோசிக்கவில்லை.

மூன்றாண்டுகள் கழிந்து, 1997இல், டில்லி சாகேத் பகுதியிலிருந்த அனுபம் என்னும் பழைய கொட்டகை நான்கு திரைகள் கொண்ட பி.வி.ஆர். அனுபமாக மாற்றப்பட்டது. மல்டிபிளெக்ஸ் யுகம் பிறந்தது. மகாராஷ்டிரம் 2001இல் இத்தகைய அரங்குகளுக்கு முதல் மூன்றாண்டுகள் கேளிக்கை வரியை அறவே தள்ளுபடி செய்தது. பல்லாண்டுகளாக வரி கட்டிவந்த ஒற்றைத் திரைக் கொட்டகைக்கு அச்சலுகை கிட்டவில்லை. இது நமக்கு நியாயமாகப் படவில்லை. ஆயிரம் இருக்கைக் கொட்டகையில் பாதி காலியாகக் கிடந்த குறையைச் சிறிய அரங்குகள் தீர்த்தன என்பது உண்மைதான். ஆனால் அவ்வரங்குகளில் எட்டு மடங்கு விலை வேறுபாடு இல்லை. முன்வரிசையும் பின்வரிசையும் ஏறக்குறைய ஒரே விலை. வருமானத்தின் கணிசமான பகுதி தின்பண்டத்திலிருந்து வருவதால், சீட்டு மட்டும் வாங்குபவர் அங்கு விரும்பத்தக்க விருந்தினரும் அல்லர். டில்லியில் 1932இல் திறக்கப்பெற்ற ரீகல் கொட்டகை 2017 மார்ச் இறுதியில், ராஜ் கபூரின் பழைய படங்களைக் காட்டி, கதவடைத்தது.

வீட்டின் பக்கம் விலை இறங்கிக்கொண்டே போயிற்று. 2007இல் மோசர் பேர் நிறுவனம் முழுப் படம் அடங்கிய குறுந்தகட்டை 28 ரூபாய்க்கு விற்றது. 2016இல் கைப்பேசி இணையம் மலிந்தது. நெட்பிளிக்ஸ், அமேசான் பிரைம் ஆகியவை அவ்வாண்டிலேயே இங்கு வந்தன. 2021 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் கைப்பேசிக்கான மாதக் கட்டணத்தை 149 ரூபாயாகக் குறைத்தது. பெருநகர அரங்கில் வாரக் கடைசியில் ஒரு சீட்டுக்கு அத்தொகை பல வேளைகளில் போதாது. அதற்கு முன்பே, 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் கொட்டகைகள் யாவும் மூடப்பட்டிருந்தன. அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள் அமிதாப் பச்சன் நடித்த ‘குலாபோ சிதாபோ’ கொட்டகையைத் தொடாமலே நேரே வீட்டுக்கு வந்தது. பழைய காலதாமதம், இப்போது இத்தனை வாரங்கள் என்ற ஒப்பந்தப் பேரமாகச் சுருங்கிவிட்டது; இந்திப் படங்களுக்கு எட்டு வாரம் வேண்டுமென்று பெரிய அரங்க நிறுவனங்கள் வற்புறுத்துகின்றன.

மக்கள் கொட்டகையை வெறுத்துவிட்டார்கள் என்று கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. 2022 செப்டம்பர் 23ஆம் நாள் நாடெங்கும் மல்டிபிளெக்ஸ்கள் ஒரு நாள் மட்டும் 75 ரூபாய்க்குச் சீட்டு விற்றன. அன்று 65 லட்சம் பேர் வந்தனர் என்று அச்சங்கமே அறிவித்தது. மறு ஆண்டு, இணைந்துவிட்ட பி.வி.ஆர். ஐனாக்ஸ் நிறுவனம், மாதம் 699 ரூபாய்க்குப் பத்துப் படங்கள் என்ற திட்டத்தைக் கொணர்ந்தது. வீட்டின் மாதச்சந்தா முறையைக் கொட்டகை கடன் வாங்கிய வேடிக்கை இது! திங்கள் முதல் வியாழன் வரையே அச்சலுகை. கூலி வேலைக்குப் போவோர்க்கு அந்நாட்களில் ஓய்வு ஏது?

2025 செப்டம்பரில் கர்நாடக அரசு சீட்டுக்கு 200 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. உயர் நீதிமன்றம் சில நாட்களிலேயே அதற்கு இடைக்காலத் தடை வழங்கியது. அதே மாதத்தில் மத்திய அரசு, நூறு ரூபாய்க்கு உட்பட்ட சீட்டுகளுக்கான சரக்கு சேவை வரியை 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைத்தது. நூறு ரூபாய்க்கு மேற்பட்டவற்றுக்கு வரி பழையபடி 18 விழுக்காடே. அந்தக் கோட்டிற்குக் கீழே விற்கப்படும் இருக்கைகள் பெரும்பாலும் சிற்றூர்களின் ஒற்றைத் திரைக் கொட்டகைகளில்தான் இருக்கின்றன; அக்கொட்டகைகளோ ஆண்டுதோறும் குறைந்துகொண்டு வருகின்றன.