வீட்டுக் கச்சேரிச் சேகரிப்பும் புதிய மீடியா பிளேயரும்: மயிலாப்பூர் வட்டாரம் சார்ந்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் கர்நாடக இசையோடு வளர்ந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரு கச்சேரிச் சேகரிப்பு உண்டு. வானொலியிலிருந்து பதிவு செய்த கேசட், சபா நண்பர் நகலெடுத்துத் தந்த நாடா, மார்கழி சீசனில் வாங்கிய சிடி எனச் சேர்ந்தவை பின்னர் எம்பி3 கோப்புகளாகி ஒரு ஹார்ட் டிஸ்கில் அடங்கின. அந்த டிஸ்கை வாசித்துவந்த பழைய பிளேயரை மாற்றும்போது சேகரிப்புக்கு என்ன நேர்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. படத்தின் துல்லியம் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன்.

2. சேகரிப்பின் அருமை

78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சமே ஓடும். விஸ்தாரமான ஆலாபனைக்கும் நிரவலுக்கும் அதில் இடமில்லை. அவை கச்சேரிப் பதிவுகளில்தான் வாழ்கின்றன. 1938 ஜூன் 16 அன்று தொடங்கிய சென்னை வானொலியின் ஒலிபரப்புகளையும் சபா மேடைகளையும் ரசிகர்கள் தாமே பதிவு செய்து காத்தார்கள். மியூசிக் அகாதெமியில் அமைந்துள்ள டேக் டிஜிட்டல் காப்பகம் இவ்வகையில் பெரும் தொண்டு. ஆயினும் ஒரு வீட்டிலுள்ள பதிவு வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். இணையச் சேவையை மட்டும் ஒலிக்கும் கருவி எவ்வளவு புதியதானாலும் அந்த வீட்டுக்கு அது முன்னேற்றம் ஆகாது.

3. மாற்றத்தில் நேரும் இழப்புகள்

3.1 அறுபடும் தாளம்

ராகம் தானம் பல்லவியை சிடிக்காரர்கள் மூன்று டிராக்காகப் பிரிப்பது வழக்கம். சிடியில் அவை தொடர்ந்தே ஒலிக்கும். எம்பி3 ஆக்கும்போது நிலை மாறுகிறது. அம்முறை ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக வெட்டுகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒரு சட்டம் ஏறத்தாழ 26 மில்லிநொடி. கடைசிச் சட்டம் நிரம்பாவிட்டால் வெறுமையால் நிரப்பப்படும். தொடக்கத்திலும் சிறிது வெறுமை சேரும். இதன் அளவைப் பல குறியாக்கிகள் கோப்பிலேயே எழுதிவைக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்த பிளேயர் வெறுமையை நீக்கி ஒலிக்கும். தெரியாதது இடைவெளி விடும். தொடையில் தாளம் போட்டுக் கேட்பவருக்கு இந்தச் சிறு அறுபடல் ஆவர்த்தனத்தையே குலைத்துவிடும். புதிய கருவிகளிலும் இக்குறை காணப்படுவதால் முதலில் சோதிக்க வேண்டியது இதுவே.

3.2 சிதையும் பெயர்கள்

எம்பி3 கோப்பினுள் பாட்டின் விவரங்களைத் தாங்கும் பழைய ஐடி3 குறிப்பில் பாட்டின் பெயருக்கு 30 பைட்டுகளே உண்டு. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைட்டு. ‘சங்கராபரணம்’ என்று எழுதவே 33 பைட்டு தேவை. ஐடி3-யின் பிந்தைய வடிவம் இந்த வரம்பை நீக்கியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் எழுத்துக் குறியீடுகளிலோ டிஸ்கி குறியீட்டிலோ பெயரிட்ட கோப்புகள் புதிய திரையில் பொருளற்ற எழுத்துகளாகவே தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

பாடகர், ஆல்பம், பாட்டு என்ற மூன்றையே காட்டும் பட்டியல் ரசிகருக்குப் போதாது. தோடி கேட்க வேண்டும், பக்கவாத்தியம் இன்னார் என்றுதானே அவர் தேடுகிறார்!

4. சென்னையின் முன் அனுபவம்

2003 செப்டம்பர் 1 முதல் கேபிள் டிவியின் கட்டணச் சேனல்களுக்கு செட்-டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற முறை பெருநகரங்களுள் சென்னையில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் மற்றொன்றின் சேவைக்கு உதவாத நிலை நீடித்ததால், எந்தச் சேவைக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய பாக்ஸ் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020இல் பரிந்துரைத்தது. கருவியை ஒரு சேவையோடு பிணைக்கும் இப்போக்கு மீடியா பிளேயரிலும் உண்டு. 2007இல் 40 ஜிபி டிஸ்குடன் வந்த ஆப்பிள் டிவி, 2010இல் சேமிப்பு டிஸ்க்கைக் கைவிட்டு இணைய ஓடையை நம்பியது. மாறாக, 2012இல் லாஜிடெக் தன் ஸ்குவீஸ்பாக்ஸ் இசை பிளேயர் வரிசையை நிறுத்திய பிறகும், திறமூலமாக இருந்த அதன் சர்வர் மென்பொருளால் அக்கருவிகள் தொடர்ந்து பாடுகின்றன.

5. தேர்வுக்கான அளவைகள்

வாங்குமுன் ஒரு பென் டிரைவில் டிராக் பிரிந்த பல்லவி ஒன்று, தமிழ்ப் பெயரிட்ட ஃபோல்டர் ஒன்று, இழப்பில்லா ஒலி வடிவமான ஃபிளாக் கோப்பு ஒன்று ஆகியவற்றை ரிச்சி தெரு மின்னணுக் கடைக்கே கொண்டுபோய் ஒலிக்கச் சொல்வது தகும். இணையத் தொடர்பின்றி இவை ஒலிக்க வேண்டும். பழைய பிளேயரை உடனே தள்ளிவிடக் கூடாது. சில கருவிகள் தம் உள் டிஸ்க்கை விண்டோஸ் கணினி படிக்காத முறையில் வடிவமைத்திருக்கும். எனவே பழைய பிளேயர் இயங்கும்போதே முழுச் சேகரிப்பையும் இரண்டு டிஸ்குகளில் நகலெடுத்து, ஒன்றை வேறொரு உறவினர் வீட்டில் வைக்க வேண்டும்.