பழைய கண்ணும் புதிய காமிராவும்

கல்லில் வெட்டியும் செப்பேட்டில் பொறித்தும் தம் காலத்தைக் காத்து வைத்தவர் நம் முன்னோர். பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் நகரில் வாழும் நம் போன்ற குடும்பங்களுக்குக் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. பாட்டனார் முகம் எத்தகையது, ஊரில் இருந்த வீட்டுத் திண்ணை எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், எடுத்துக் காட்ட நம்மிடம் இருப்பவை சில புகைப்படங்களே. ஆகவே, அப்படங்களை எடுக்கும் கருவி மாறிய வரலாறு வெறும் கடைச்சரக்கின் வரலாறு அன்று. நம் குடும்ப நினைவுகளின் வரலாறும் ஆகும்.

இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில், பல ஆண்டுகள் பிலிம் காமிராவைக் கையாண்டு பழகியவர்கள் தம் முதல் டிஜிட்டல் காமிராவைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. அத்தேர்வில் அவர்கள் எவற்றை எண்ணிப் பார்த்தனர், எதனை எண்ணிப் பார்க்கத் தவறினர் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூரும் புகைப்படக் கலையும்

1839-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டவராகிய தாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள்ளேயே அக்கலை நம் கோயில் வாயில்களை வந்தடைந்தது. சென்னைப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் ட்ரைப் என்னும் ஆங்கில அதிகாரி 1854-இல் ஹளேபீடு, பேலூர்ச் சிற்பங்களைப் படமெடுத்தார். 1856-இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் தம் பணிமனையை அமைத்துக்கொண்ட இடம் பெங்களூரே என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1809-இல் அமைந்த கண்டோன்மென்டை நாடித் தமிழர் பலர் இந்நகருக்குக் குடிவந்ததும் அதே சென்னைப் படையின் வழியாகத்தான் அன்றோ?

1858-இல் அவர் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய இடங்களைப் படமாக்கினார். மெழுகூட்டிய காகிதமே அவருடைய நெகடிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றாக இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். சோழர் கல்லில் எழுதியதைக் காகிதம் ஏற்றுக்கொண்டது. ஆனால் 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன், செலவு மிகுதி எனக் கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். புகைப்படக் கலையும் பணச் செலவும் அன்று தொட்டே பிரியாத இரட்டையர்!

உதகையில் பிறந்த பிலிம்

கண்ணாடித் தகடும் காகிதமும் போய்ச் சுருள் பிலிம் வந்தபின் இக்கலை பொதுமக்கள் கைக்கு வந்தது. ஆயினும் நம் நாட்டில் பிலிம் நெடுங்காலம் வெளிநாட்டுச் சரக்காகவே இருந்தது. அக்குறையைப் போக்க 1960-இல் நிறுவப்பட்டதே உதகமண்டலத்தின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை. தூசியற்ற காற்றும் குளிர்ந்த தட்பவெப்பமும் பிலிம் தயாரிப்புக்கு இன்றியமையாதவை. அவை நீலகிரியில் இயற்கையாகவே கிடைத்தன. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் 1967-இல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ என்னும் பெயருடன் வந்த கறுப்பு வெள்ளைச் சுருள்கள் நாடெங்கும் பரவின. வண்ணப் பிலிமின் போட்டியில் நலிந்து, டிஜிட்டல் முறை வந்தபின் அத்தொழிற்சாலை முற்றிலும் ஓய்ந்தது. தமிழ் மண்ணில் பிறந்த தொழில் ஒன்று நம் கண்முன்னே மறைந்தது.

பிலிம் காலத்தின் ஒழுங்கு தனி ஒழுங்கு. ஒரு சுருளில் 36 படங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் செலவு உண்டு. நீலசந்திராவில் வாழ்ந்தவர்கள் திருமணப் படச் சுருளை எம். ஜி. ரோட்டுக் கடைகளில் கழுவக் கொடுத்துவிட்டுப் படம் வரும் நாளை எதிர்நோக்கியிருப்பர். சிக்கனம் கண்ணுக்குப் பயிற்சி அளித்தது. ஒளி எங்கிருந்து வருகிறது, யார் கண்ணை மூடியிருக்கிறார், பின்னணியில் என்ன தெரிகிறது என்று பார்த்த பின்னரே விரல் அழுத்தும். 1932-இல் பிறந்து 2017-இல் மறைந்த பெங்களூர்க் கானுயிர்ப் படக் கலைஞர் டி. என். ஏ. பெருமாள் போன்றோர் அப்பள்ளியில் பயின்றவர்களே.

சில்லு வந்த கதை

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் ஒரு சில்லைக் கண்டனர். ஒளியை மின்னூட்டமாக ஏற்று வரிசையாகத் தரவல்ல அச்சில்லுக்காக 2009-இல் அவர்கள் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975-இல் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லைக் கொண்டு முதல் டிஜிட்டல் காமிராவை ஆக்கினார். அது தந்த படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. பிலிமை விற்றுச் செழித்த நிறுவனத்திலேயே பிலிமுக்கு முடிவு கட்டும் கருவி பிறந்தது. அந்நிறுவனம் 2012-இல் கடன் சுமையால் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியதை யாவரும் அறிவர்.

1999-இல் நிக்கான் டி1 செய்தியாளர் கைக்கு வந்தது. 2003-இல் கேனன் 300டி, 63 லட்சம் புள்ளிகளுடன், அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்கும் குறைந்த விலையில் வந்தது. அதுவரை காத்திருந்த பிலிம் அன்பர்கள் அப்போதுதான் ‘இனி எதை வாங்குவது?’ என்று எண்ணத் தொடங்கினர்.

தேர்வின் நான்கு கேள்விகள்

முதற் கேள்வி புள்ளிகளின் எண்ணிக்கை. 3,000 புள்ளி அகலமும் 2,000 புள்ளி உயரமும் கொண்ட படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 10 அங்குல அகலமும் ஏறக்குறைய 6.7 அங்குல உயரமும் வரும். வீட்டு ஆல்பத்துக்கு அது போதும். எண்ணிக்கையை இருமடங்காக்கினாலும் படத்தின் அகலம் 1.4 மடங்கே பெருகும். இக்கணக்கை அறிந்தவர் விளம்பரத்துக்கு மயங்கவில்லை.

இரண்டாவது, கையிலிருந்த லென்ஸ். காமிராவினும் லென்சுக்கே மிகுதியாகச் செலவிட்டிருந்தவர் பலர். நிக்கான் 1959-இல் ஏற்ற பூட்டுவாயை மாற்றாமல் வைத்திருந்தது; எனினும் விலை குறைந்த டிஜிட்டல் காமிராக்களில் பழைய லென்சைப் பூட்டினால் ஒளிமானி இயங்கவில்லை. கேனன் 1987-இலேயே பூட்டுவாயை மாற்றிவிட்டதால், அதற்கு முந்திய லென்ஸ்கள் புதிய காமிராவில் பொருந்தவே இல்லை.

மூன்றாவது, சில்லின் அளவு. பிலிம் சட்டம் 36-க்கு 24 மில்லிமீட்டர். எளிய விலைச் சில்லு ஏறத்தாழ 24-க்கு 16 மட்டுமே. அதனால் 28 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸ் 42 மில்லிமீட்டர் லென்சைப் போல் குறுகிக் காட்டியது. சிறிய கூடத்தில் கூட்டுக்குடும்பம் முழுவதையும் அடக்கிய லென்ஸ், புதிய காமிராவில் இரு ஓரத்திலும் நின்ற சித்தப்பாவையும் அத்தையையும் வெளியே தள்ளியது!

நான்காவது, ஒளியைத் தாங்கும் ஆற்றல். நெகடிவ் பிலிம் மிகை ஒளியைப் பொறுத்துக்கொள்ளும், சில்லு பொறுக்காது. நண்பகல் வெயிலில் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் ஒருமுறை வெளுத்துப் போயின் மீட்க இயலாது. ஸ்லைடு பிலிமில் பழகியவர்கள் இதை எளிதில் உணர்ந்தனர். அவர்களுடைய பழைய கண்ணே புதிய காமிராவுக்கு ஆசானாயிற்று.

கேட்கப்படாத ஐந்தாம் கேள்வி

இந்நான்கையும் ஆராய்ந்தவர்களிற் பலர் ‘எடுத்த படம் எத்தனை ஆண்டு இருக்கும்?’ என்று கேட்கவில்லை. பிலிம் காலத்தில் அக்கேள்விக்கு இடமே இல்லை. நெகடிவை உறையிலிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டால், யாரும் நினையாவிடினும் அது பல்லாண்டு கிடக்கும். ட்ரைப் எடுத்த படங்களை 160 ஆண்டுகளுக்குப் பின்னும் காண்கிறோம். டிஜிட்டல் படத்தின் இயல்பு வேறு. வீட்டில் பதிந்த குறுந்தகட்டின் சாயம் நாளடைவில் கெடும். கணிப்பொறியின் வன்தட்டு ஒரு நாள் முன்னறிவிப்பின்றி நின்றுபோகும். தகடு நலமாயிருப்பினும் அதைப் படிக்கும் கருவி வீட்டில் இராது. மறந்தாலும் வாழ்ந்தது பிலிம். மறந்தால் மாண்டுபோவது டிஜிட்டல் படம்.

எனவேதான் பல இல்லங்களில் 1965-இல் நடந்த திருமணத்தின் படம் இருக்கிறது; 2005-இல் நடந்த திருமணத்தின் படம் தேடினும் கிடைப்பதில்லை. ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு இவ்விழப்பு இருமடங்கு. ஊரில் இருப்பவர்க்கு வீடு போயினும் தெரு சான்று கூறும்; உறவினர் சான்று கூறுவர். இங்கே படம் போயின் சான்றும் போயிற்று.

இன்று தனிக் காமிரா வாங்குவோர் சிலரே, கைப்பேசியே காமிராவாகிவிட்டது. எனினும் கருவி வாங்கும் நாளிலேயே ஐந்தாம் கேள்வியையும் கேட்டல் வேண்டும். படங்களுக்கு இரண்டு படிகள் எடுத்து, இரண்டு வேறு இடங்களில் வைத்தல் நன்று. சில ஆண்டுகளுக்கொரு முறை அவற்றைப் புதிய தட்டுக்கு மாற்றுதல் வேண்டும். ஆண்டுதோறும் சிறந்த 36 படங்களை மட்டுமேனும் தேர்ந்து காகிதத்தில் அச்சிடுவோம். ஒரு சுருளின் அளவே அது. படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதுவோம். பெயரில்லாப் படம் அடுத்த தலைமுறைக்கு அயலார் படமே.

ஆண்டு விழாவுக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் இல்லத்தின் பழம்படம் ஒன்றையேனும் கொணர்ந்து, அதில் உள்ளோர் பெயரைப் பெரியோரிடம் கேட்டு எழுதிக்கொள்வாராயின், நீலசந்திராத் தமிழரின் வரலாறு தானே உருவாகும். கேட்டுச் சொல்லப் பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைத் தொடங்குவோமாக.