கச்சத்தீவு: படகு ஓட்டுகிறவர்களின் திருவிழா

கச்சத்தீவு என்றாலே நமக்கு எல்லைத் தகராறுதான் ஞாபகம் வரும். எனக்கு அங்குள்ள அந்தோணியார் கோயில்தான் முதலில் தோன்றும். சுமார் 285 ஏக்கர், குடிதண்ணீர் கிடையாது, ஆள் குடியிருப்பும் இல்லை. அதைக் கட்டியவர் ராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பார்கள்.

தவக்காலத்தில் இரண்டு நாள் விழா. கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி, மறுநாள் காலை திருப்பலி. யாழ்ப்பாணப் பக்கத்து ஜனங்களும் வந்துவிடுவார்கள். இந்தக் கரையில் பெயர் பதிவதும் மற்ற ஏற்பாடுகளும் வேர்க்கோடு பங்குச் சாமியார் பொறுப்பு. ஏற்றிப்போவது விசைப்படகுக்காரர்கள்தான். அதாவது மீன்பிடிச் சங்கத்து ஆம்பளைகள் இல்லாமல் இந்தப் பக்கத்திலிருந்து விழாவுக்குப் போக வழியில்லை.

1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, யாத்திரிகர்கள் விசா இல்லாமலே போகலாம் என்கிறது. போர்க் காலத்தில் விழா நின்றுபோய், 2010இல் மறுபடி தொடங்கியது. 2016இல் புதுக்கோயிலும் வந்தாச்சு.

2024இல்தான் வினோதம். பிடிபட்ட படகோட்டிகளை இலங்கையில் சிறையில் போட்டதைக் கண்டித்து ராமேஸ்வரம் மீனவர்களே விழாவைப் புறக்கணித்தார்கள். அந்தோணியாரோடு கோபம் இல்லை. ஆனாலும் அவர்களிடம் கைவசம் இருந்தது படகு ஒன்றுதானே, அதை நிறுத்தினார்கள். அந்த வருஷம் இலங்கைக்காரர்களை வைத்தே திருப்பலி நடந்தது. 2025 மார்ச்சில் நம் படகுகள் மறுபடி கிளம்பின.